காஸ்பாரின் பச்சை

நங்கூரத் தெருவில், மெற்றில்டா வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குள் காஸ்பாரின் சட்டை நிறம் வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். அவள் அடுப்படியில் கணவாய் அரிந்துகொண்டிருந்தாள், ரேடியோவில் யாரோ காற்றின் வேகம் சொல்லிக்கொண்டிருந்தார், தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துப் போனது, எல்லாம் எப்போதும்போல இருக்கையில், மாதக்கணக்காகத் தவிட்டு நிறத்தில் சுருங்கிக் கிடந்த பவளம் ஒன்று பொத்தான் பொத்தானாக விரிந்து, கிளிப்பச்சையில், நடுவில் மஞ்சள் புள்ளி வைத்து, கடைசியாகக் கடலுக்குப் போன அன்றைக்குக் காஸ்பார் போட்டிருந்த சட்டையின் அதே பச்சையில், அந்தச் சட்டையின் மஞ்சள் பொத்தான்களையும் விடாமல், ஆடிக்கொண்டு நின்றது. மெற்றில்டா கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், தொட்டி முன்னால் வந்து உட்கார்ந்தாள். "வந்துட்டியளா?" என்று கேட்டாள். உலையில் சோறு குழைந்துபோனது.

காஸ்பார் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கிறவன். வாயில் காற்றுக்குழாயைக் கவ்விக்கொண்டு நாள் முழுக்கக் கடலடியில் பவளத்துக்கு நடுவே திரிகிறவனுக்கு, வீட்டுக்குள்ளும் பவளம் வேண்டும் என்கிற கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று தெருவில் ஒருவருக்கும் விளங்கியதில்லை. கடலில் இருப்பதை எடுத்தால் சட்டம் பிடிக்கும், அதை அவன் ஒருநாளும் தொட்டதுமில்லை. சென்னையில் ஒரு கடையில், தொட்டியிலேயே வளர்த்துப் பிரித்த துண்டுகளை ரசீதோடு வாங்கி, ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தான். அதற்கப்புறம் அந்தத் தொட்டிக்கு அவன் செய்த ஊழியத்தைப் பார்த்து, "எனக்குக் காய்ச்சல் வந்தா இப்படிப் பாப்பியளா?" என்று மெற்றில்டா வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள். அவன் சிரித்துக்கொண்டே பாடம் எடுப்பான். தண்ணீர் சுட்டுவிடக் கூடாது, அதனால்தான் மேலே இந்தச் சின்னக் காத்தாடி. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், உப்பு போவதில்லை, அதனால் குறைந்ததை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். வெளிச்சம் கூடினால் வெளுக்கும், குறைந்தால் பழுப்பேறும். தண்ணீர் அழுக்கானாலும் ஆகாது, ஒரேயடியாகச் சுத்தமானாலும் பட்டினி கிடந்து நிறம் போகும்.

"வெளுத்துப் போச்சுன்னா செத்துட்டுன்னு நெனச்சிராத மெற்றில்டா" என்பான். "அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம சில உசிரு குடியிருக்கு. அதுதான் நிறம். சூடு தாங்கலன்னா பவளம் அதுகள வெளிய அனுப்பிரும். குடியிருக்கவுக போவாவ, அவ்வளவுதான். வீடு நிக்கும்."

பிறகு ஒருநாள் காற்றுக்குழாய் மட்டும் மேலே வந்தது, அவன் வரவில்லை. வள்ளங்கள் தேடின, விசைப்படகுகள் தேடின, கடலோரக் காவல் படகு வந்து தேடியது, தெற்கே மணப்பாடு வரைக்கும் கரையில் ஆள் நிறுத்திப் பார்த்தார்கள், கடல் ஒரு துணியைக்கூடத் திருப்பித் தரவில்லை. அடக்கப் பூசை வைத்துவிடலாம் என்று காஸ்பாரின் அண்ணன்மார் வந்து கேட்டபோது, "உடம்பு வரட்டும், பூசை வைப்போம்" என்றாள். தாலியைக் கழற்றவில்லை. கல்லறைத் திருநாள் பூசையில் செத்தவர்கள் பெயரையெல்லாம் வாசிப்பார்களே, அதற்குப் பெயர் கேட்டு, கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை வந்தபோது, "எங்க வீட்டுல செத்தவுக யாருமில்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். தொட்டிக்கு மட்டும் மனசில்லாமல் தண்ணீர் ஊற்றிவந்தாள், பவளமெல்லாம் பழுப்பேறிப்போனது. அந்தத் தொட்டிக்குள்தான் இப்போது பச்சை வந்து நின்றது. அதை இனிப் போக விடுவதில்லை என்று அவள் முடிவு செய்ய அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் கணவன் பாடம் எடுத்ததையெல்லாம் ஒன்று விடாமல் செய்யத் தொடங்கினாள். செய்யச் செய்ய மற்ற பவளங்களும் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. பக்கத்து வீட்டுச் சூசம்மா புளி கேட்டு வந்தவள், பச்சைக்குப் பக்கத்தில் வெள்ளை வரியோடிய கத்திரிப்பூ நிறத்தைப் பார்த்து, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "இது எம் மவன் லெயோன் பனியனுல்லா" என்றாள். லெயோன் புயல் வருஷத்தில் வள்ளத்தோடு போனவன். மறுநாள் மேலத்தெருவிலிருந்து ஒருத்தி வந்து, பாறையின் அடியில் ஒளிந்திருந்த செங்கல் நிறக் கட்டம் தன் தகப்பனார் இடுப்பில் கட்டிய சாரம் என்று அடையாளம் சொன்னாள். அப்புறம் தெருவே வந்தது. இது எப்படி நடக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை, எது யாருடையது என்பதில்தான் பேச்சு. ஒரே ஆரஞ்சு நிறத்துக்கு இரண்டு பெண்கள் உரிமை கொண்டாடி, வாய் தடித்து, மயிரைப் பிடிக்கப் போகையில், விளிம்பில் மெல்லிய நீலம் ஓடுவதை ஒருத்தி பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரவுக சட்டையில நீலம் கெடையாது" என்று சொல்லி உட்கார்ந்து அழுதாள். அடுத்த வாரம் அவளுக்கும் நீலமில்லாத ஆரஞ்சு ஒன்று விரிந்தது.

பங்குச் சாமி வந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் போட்டுப் பார்த்தார். "இது பாவமா சாமி?" என்று மெற்றில்டா கேட்டதற்கு, "திருச்சபை இதப் பத்தி ஒண்ணும் சொன்னதா எனக்குத் தெரியல. தண்ணிய மட்டும் ஒழுங்கா மாத்தும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பவளம் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு வனத்துறைக்காரர் ஒருவர் மிடுக்காக வந்தார், ரசீதுகளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. திரும்பும்போது தொட்டியின் மூலையில் மங்கலான காக்கி ஒன்றைக் கண்டு நின்றார். அவர் வேறு கடற்கரை ஊர்க்காரர், அவருடைய தம்பியும் காக்கி போட்டவன், அவனும் கடலோடு போனவன். அதற்கப்புறம் மாதம் ஒருமுறை வருவார், பூட்சை வாசலில் கழற்றிவிட்டு, கைகட்டி நின்று பார்த்துவிட்டுப் போவார்.

தெரு அந்தத் தொட்டியைத் தன் வீட்டு நோயாளி மாதிரிப் பார்த்துக்கொண்டது. மத்தியானம் தொட்டியின் நீல விளக்கு எரிகிற நேரம்தான் பார்க்கிற நேரம் என்று ஆனது. பவுடர் பூசியோ, தலையில் எண்ணெய் வழியவோ வருகிறவர்களை, தண்ணீர் கெட்டுவிடும் என்று, சூசம்மா வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அக்கம்பக்கத்தில் கொசுவத்தி கொளுத்துவதை விட்டார்கள், கொசு கடித்தால் அடித்துக்கொண்டார்கள். கரண்டு போனால் விசைப்படகுக்காரர்கள் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கோடையில், யார் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தாலும் மீனுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் உறைந்துகொண்டிருக்கும், முறைவைத்துக் கொண்டுவந்து தொட்டியில் மிதக்கவிடுவார்கள். பெண்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தங்கள் நிறத்துக்கு அன்றைக்கு நடந்ததைச் சொன்னார்கள். தங்கச்சிக்கு வரன் வந்திருக்கிறது, வள்ளத்துக்குச் சாயம் அடித்தாயிற்று, மாமா இன்னும் குடிக்கிறார் என்று. நிறங்கள் விரிந்து கேட்டுக்கொண்டிருந்தன. இப்படி ஒரு நல்ல காலம் நங்கூரத் தெருவுக்கு அதற்குமுன் வந்ததில்லை.

ஆனால் மெற்றில்டா ஒன்றை மறைத்தாள்.

மத்தியானம் ஆட்கள் வருவதற்குச் சற்று முன்னால், அவள் தனியாக இருக்கும்போது, தரையில் ஈரக் கால்தடங்கள் விழும். முதல் தடவை பார்த்தபோது அவள் பயப்படவில்லை, பூரித்துப்போனாள். பெரிய தடங்கள், சின்னத் தடங்கள், அகன்ற பாதங்கள், அவற்றுக்கு நடுவே, இடது காலில் சுண்டுவிரல் இல்லாத தடம் ஒன்று. காஸ்பாருக்குத் திருக்கை முள் குத்திச் சீழ் வைத்து, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்ட விரல் அது. குனிந்து அந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பிறகு துடைக்கத் துணி எடுத்து வந்தபோதுதான், தடங்கள் எந்தப் பக்கம் பார்த்து இருக்கின்றன என்பதைக் கவனித்தாள்.

அவை வாசலிலிருந்து தொட்டிக்கு வந்த தடங்கள் இல்லை. தொட்டியிலிருந்து வாசலுக்குப் போனவை. எல்லாம் நிலைப்படி வரைக்கும் போயிருந்தன, நிலைப்படியில் நெருக்கியடித்து நின்றிருந்தன, அங்கேயிருந்து திரும்பியிருந்தன. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. நிறம் எந்த அளவுக்குப் பளிச்சென்று இருந்ததோ அந்த அளவுக்குத் தடங்கள் சீக்கிரம் திரும்பின. அவள் முட்டாள் இல்லை, புரிந்துகொண்டாள். இவர்கள் பார்க்க வரவில்லை, போகப் பார்க்கிறார்கள். போக விடாமல் பிடித்து வைத்திருப்பது அவள் ஊற்றுகிற தண்ணீரும், அவள் போட்ட காத்தாடியும், தெருவே சேர்ந்து உறைய வைத்த பாட்டில்களும்.

தெரிந்த பிறகும் அவள் ஒன்றையும் நிறுத்தவில்லை. ஆட்கள் வருவதற்குள் தரையை ஓட ஓடத் துடைத்தாள். ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டவர்களிடம் தொட்டி கசிகிறது என்றாள். ஒருநாள் சூசம்மா முன்கூட்டியே வந்து தடங்களைப் பார்த்துவிட்டாள். நெஞ்சில் கை வைத்து, "மெற்றில்டா, வந்திருக்கான்ளா! இந்தா பாரு, குதிகால அழுத்தி வைப்பான்லா, அவந்தான்!" என்று தரையில் மண்டியிட்டு அந்த ஈரத்தை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இது வந்த தடம் இல்லை சூசக்கா என்று சொல்ல மெற்றில்டாவின் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் சூசம்மா மகனை விட்டுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும், சூசம்மா அப்படிப்பட்டவள். அப்புறம் எல்லாரும் விடுவார்கள், பச்சையையும் விடச் சொல்வார்கள். "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு, துணியைப் பிழிந்தாள்.

அன்றிலிருந்து பச்சையின் முன்னால் உட்கார்ந்தால் முன்போலப் பேச்சு வரவில்லை. அவனைத் தான் நேசிக்கிறோமா, சிறை வைத்திருக்கிறோமா என்று அவளையே அவள் கேட்டுக்கொண்டாள், கேட்டுக்கொண்டே தண்ணீரின் உப்பைச் சரிபார்த்தாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. அன்றைக்கு ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுதிரி ஏற்றி, பூசை முடிகிறவரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். கடலில் போனவர்களுக்குக் கல்லறை இல்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் வருஷா வருஷம் அடுத்தவர் கல்லறைகளுக்கு நடுவே கையில் மெழுகுதிரியோடு, அதை எங்கே நட்டுவைப்பது என்று தெரியாமல் நிற்பார்கள், கடைசியில் சுற்றுச்சுவர் ஓரத்தில் வைத்துவிட்டு வருவார்கள். இந்த வருஷம் அப்படி நிற்க வேண்டியதில்லை என்று அவர்களுக்குள் பேசி முடிவாகியிருந்தது. சாயங்காலம், பூசை முடிந்த கையோடு, எல்லாரும் மெற்றில்டா வீட்டுக்கு வந்தார்கள், ஆளுக்கு ஒரு கட்டு மெழுகுதிரியோடு.

தொட்டியைச் சுற்றித் தரையில், மேசையில், ஜன்னல் திட்டில், தொட்டியின் விளிம்பில்கூட ஏற்றினார்கள். வாடைக்காற்று வந்து வந்து அணைத்தது. ஜன்னல்களைச் சாத்தினார்கள், கதவைச் சாத்தினார்கள். அப்போதும் சுடர்கள் படபடத்தன. தொட்டியின் மேலிருந்த காத்தாடியைச் சூசம்மா அணைக்கப் போனாள்.

"அத அணைக்கக் கூடாதுக்கா" என்றாள் மெற்றில்டா. "தண்ணி சுட்டுரும்."

"ஒரு நேரந்தானளா."

"ஒரு நேரம் போதும், எல்லாம் வெளுத்துரும்."

சூசம்மா காத்தாடியின் மேல் வைத்த கையை எடுக்காமல் அவளைப் பார்த்தாள். "எம் மவனுக்கு நான் இன்னைக்கு வரைக்கும் ஒரு மெழுகுதிரி நின்னு எரிஞ்சு பாத்ததில்ல மெற்றில்டா. நான் எங்கன கொண்டுபோயி ஏத்துவேன், கடல்லயா?"

மெற்றில்டா சரியென்று தலையை அசைத்தாள். காத்தாடி நின்றது. பெண்கள் செபமாலையைத் தொடங்கினார்கள், அறை முழுக்க அந்த முணுமுணுப்பும் மெழுகு வாசமும் நிறைந்தன. எல்லாரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் மெற்றில்டா அடுப்படிக்குப் போய், உறைந்த பாட்டில் ஒன்றை முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்து, பச்சை இருந்த மூலையில், பாறைக்குப் பின்னால் சொருகினாள். ஒரே ஒரு பாட்டில்தான் வீட்டில் இருந்தது. இருந்த ஒன்றைத் தன் ஆளுக்கு வைத்தாள். அது துரோகம் என்று அவளுக்கு அப்போதே தெரியும், கை நிற்கவில்லை.

செபமாலையின் இரண்டாவது தேவ ரகசியம் சொல்லிக்கொண்டிருக்கையில் நிறங்கள் கழன்றன. ஒவ்வொரு பொத்தானின் நடுவிலிருந்தும் மெல்லிய இழை இழையாக வெளியே வந்து, தண்ணீரில் கலையாமல் மேலே ஏறி, தண்ணீரைத் தாண்டியும் ஏறி, மெழுகுதிரி வெளிச்சத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றன. சூசம்மாவின் கன்னத்தில் கத்திரிப்பூ நிறம் படிந்தது, அவள் கண்ணைத் திறக்காமலே கையை அங்கே வைத்துக்கொண்டாள். செங்கல் நிறக் கட்டம் ஒருத்தியின் மடியில் விழுந்து கிடந்தது. ஆரஞ்சுகள் இரண்டும் தத்தம் பெண்களைத் தேடிப் போயின. பிறகு யாரும் எழாமலே சாத்திய கதவு திறந்துகொண்டது, வாடைக்காற்று வந்து அத்தனை மெழுகுதிரிகளையும் அணைத்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தபோது தொட்டிக்குள் கண்ணில் பட்டதெல்லாம் வெள்ளைவெளேரென்று இருந்தது, எலும்பு தெரிகிற மாதிரி.

பெண்கள் தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு அழுதார்கள். தாங்களே கொன்றுவிட்டோம் என்று அழுதார்கள். விடிந்ததும் தெருவில் கால்தடங்களைப் பார்த்தார்கள், அழுகை நின்றது. ஈரத் தடங்கள் மெற்றில்டாவின் நிலைப்படியைத் தாண்டியிருந்தன. ஒவ்வொன்றும் தன் தன் வீட்டு வாசலுக்குப் போய், உள்ளே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றிருந்தது, அந்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. பிறகு எல்லாத் தடங்களும் தெருமுனையில் ஒன்றுகூடி, கோயிலைச் சுற்றி, கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தன. பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு, ஒரு தடத்தையும் மிதிக்காமல், பின்னாலேயே போனார்கள். கேட்டுக்கு அப்பால் புல். அதில் தடம் தெரியவில்லை. அவர்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு வெயில் ஏறும்வரை நின்றார்கள். பிறகு சமைக்கப் போனார்கள்.

சூசம்மா மட்டும் மெற்றில்டா வீட்டுக்கு வந்தாள். வெள்ளைக்கு நடுவே, மூலையில், பச்சை ஒன்று மஞ்சள் புள்ளிகளோடு பளபளவென்று விரிந்து நிற்பதைப் பார்த்தாள். குனிந்து, பாறைக்குப் பின்னால் மிதந்த பாட்டிலையும் பார்த்தாள். மெற்றில்டா திட்டு விழும் என்று காத்து நின்றாள். சூசம்மா திட்டவில்லை.

"எல்லாரும் சேர்ந்து போனாவ" என்றாள். "இவிய மட்டும் ஒத்தையில நிக்காவளேளா."

அன்றைக்கும் அதற்கடுத்த நாளும் தடங்கள் மத்தியானத்துக்குக் காத்திருக்கவில்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை, சுண்டுவிரல் இல்லாத அந்த ஒற்றை ஆளின் தடம் தொட்டியிலிருந்து நிலைப்படிக்கும், நிலைப்படியிலிருந்து தொட்டிக்கும் நடந்துகொண்டே இருந்தது. துடைக்கத் துடைக்க விழுந்தது. துணி உப்பேறி விறைத்துப்போனது, தரை வெளுத்துப்போனது. முன்பு கூட்டத்தோடு கூட்டமாக நின்றவன் இப்போது நிலைப்படியில் தனியாக நின்று தெருவைப் பார்ப்பதை, தேங்கிய ஈரத்தின் அளவிலிருந்து அவள் தெரிந்துகொண்டாள். மெற்றில்டாவுக்குத் தாங்கவில்லை. உயிரோடிருந்த காலத்தில் அவனை ஒரு நாளும் அப்படி வாசலில் நிற்க வைத்தவள் இல்லை அவள்.

மறுநாள் காலையில் தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய், கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு, "காஸ்பார்னு ஒரு பேரு உண்டு. ஞாயித்துக்கிழமப் பூசையில வாசிக்கணும்" என்றாள். அவர் பெயரை ஏட்டில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஜன்னலைச் சாத்தினாள். பெண்கள் விட்டுப்போன மெழுகுதிரித் துண்டுகளையெல்லாம் பொறுக்கி, தொட்டியின் விளிம்பில் வரிசையாக ஒட்டி, ஏற்றினாள். காத்தாடியை நிறுத்தினாள். காலையில் மாற்றி வைத்திருந்த பாட்டிலை எடுத்தாள், அதற்குள் கொஞ்சம் ஐஸ் இன்னும் இருந்தது, அதை மடியில் வைத்துக்கொண்டு, எப்போதும் உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்தாள்.

"நான்தான் பிடிச்சு வச்சிருந்தேன்" என்றாள். "தெரிஞ்சேதான் வச்சிருந்தேன். கோவிச்சுக்கிடாதிய. போயிட்டு வாங்கன்னு சொல்ல வாய் வரல. போங்க."

பச்சை உடனே போகவில்லை. அதற்கும் மனசில்லாத மாதிரி இழை இழையாக, மெதுவாக, விளிம்பிலிருந்து உள்ளே கழன்றது. மஞ்சள் புள்ளிகள் கடைசியாகப் போயின. மெற்றில்டா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் பார்க்கத் தைரியம் இல்லை. மெழுகுதிரிகள் ஒவ்வொன்றாக அணைந்தன, கதவு திறந்தது, தெருவின் வெயில் உள்ளே வந்து விழுந்தது. அப்போதுதான் தலையைத் திருப்பினாள்.

தடங்கள் தொட்டியிலிருந்து நேராக வாசலுக்குப் போயிருக்கவில்லை. முதலில் அவளிடம் வந்திருந்தன. அவள் முட்டிக்கு முன்னால், அவளைப் பார்த்தபடி, இரண்டு பாதங்கள். அங்கே வெகுநேரம் நின்றிருக்க வேண்டும், தண்ணீர் பெரிதாகத் தேங்கி, அவள் சேலைக்கரை முழுக்க நனைந்திருந்தது. அங்கிருந்து நிலைப்படிக்கு, நிலைப்படியைத் தாண்டி வெயிலுக்கு.

அவள் துடைக்கவில்லை. தெருவில் யாரோ மீன் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள், சூசம்மா தன் வீட்டு வாசலில் எழுந்து நின்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வது தெரிந்தது. தொட்டிக்குள் அத்தனையும் வெள்ளையாக, அலை மோட்டார் தள்ளுகிற தண்ணீரில் லேசாக அசைந்துகொண்டிருந்தன. வெளுத்தது செத்ததில்லை. குடியிருந்தவர்கள் போனார்கள், அவ்வளவுதான். மெற்றில்டா எழுந்தாள், நனைந்த சேலைக்கரையைப் பிழியாமல் நடந்துபோய், காத்தாடியைப் போட்டாள்.